அயல்நாடும் அரசியற் கல்வியும்

பருவத் தேர்வுகள் முடிந்த மாலைப்பொழுதொன்றில் எம் விடுதியில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. அரசியற் பாடம் பயிலும் மூத்த நண்பர் ஒருவர்க்கு, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று முதுகலை வகுப்பில் இடந்தருவதாகக் கடிதம் விடுத்திருந்தது. அவர் அளவிலா மகிழ்ச்சியுடன் அச்செய்தியைத் தொலைபேசி வாயிலாகத் தம் தந்தையார்க்கு உரைத்தனர். அப்பெரியார் சிறிதுபொழுது வாளா இருந்து, “ஐயா, டாக்டருக்குப் படிக்கச் சீமைக்குப் போகிறார்கள், சரி, எஞ்சினீயருக்குப் படிக்கப் போகிறார்கள், அதுவும் சரி. அரசியல் படிக்கவுமா போகவேண்டும்? நம் ஊர் டீக்கடையில் காலை ஆறு மணிக்கே அந்த வகுப்புத் தொடங்கிவிடுகிறதே!” என்றனர்.

நண்பர் நகைத்தார்; ஆயினும் மறுமொழி கூற இயலவில்லை. உடனிருந்த எம்மாலும் இயலவில்லை. வீட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு நிலத்தையும் ஈடு வைத்தாலன்றி அக்கல்விக்குக் கடன் கிடையாது என்பதை யாம் அனைவரும் அறிவோம். ஆதலின், அத்தந்தையார் விடுத்த வினா நகைச்சுவைக்காக விடுத்ததன்று. விடை தரற்பாலதாகிய வினாவே. அவ்விடையை இம்மலரின் வாயிலாக ஆராய்ந்து காண்டலே எம் கருத்து.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வழக்கில் நடுவராதற்கு உரிமை யாது எனச் சிலர் வினவலாம். உரிமை தந்தவர் தொல்காப்பியனாரே. தலைவன் தலைவியைப் பிரிதற்குரிய காரணங்களை எண்ணப் புகுந்த அவ்வாசிரியர், பகையையும் தூதையும் கூறுமுன் ஓதலை முதற்கண் வைத்தனர். கல்வி குறித்துப் பிரிந்த பிரிவு மூன்று யாண்டினைக் கடத்தல் ஆகாது என எல்லையும் வகுத்தனர். கடல்கடந்து செல்லுங்காற் பெண்டிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை எனவும் ஒரு விதி உண்டென உரையாசிரியருட் சிலர் கூறுவர். வியப்பு யாதெனின், 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல், ஆராய்ச்சி மாணவரல்லாத அயல்நாட்டு மாணவர் மனைவி மக்களை உடன் அழைத்துவருதலை ஆங்கில அரசும் தடுத்துவிட்டது. தொல்காப்பியம் இலண்டன் மாநகரில் இத்துணை விரைவில் நடைமுறைக்கு வரும் என யாம் எதிர்பார்த்திலேம்! அது நிற்க. இக்காலத்தே எம் வகுப்புத் தங்கையரும் தமக்கையரும் தாமே கல்வி கருதிக் கடல் கடக்கின்றனர். அவ்வகையில் அப்பழைய விதி உடைந்தது நன்றே.

இனி வழக்கிற்கு வருவோம். தந்தையார் பக்கத்து நியாயத்தை முதலில் முழுமையாகக் கூறுதல் முறை. மருத்துவமும் எந்திர நூலும் கருவிகளை நாடுவன. உயர்ந்த கருவிகள் எங்குளவோ அங்குச் செல்லுதல் வேண்டும். அரசியல் நூலுக்கோ கருவிகள் மக்களே. 2024-ஆம் ஆண்டின் மக்களவைத் தேர்தலில் நம் நாட்டு வாக்காளர் பட்டியலில் இருந்தோர் ஏறத்தாழ 97 கோடியர். உலகில் வேறெந் நாட்டிலும் இத்துணைப் பெரிய தேர்தல் நடைபெற்றதில்லை. இங்கிலாந்தை உள்ளிட்ட ஐக்கிய இராச்சியத்தில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர்க்குரிய வாக்காளர் ஏறத்தாழ 73,000 பேர். நம் நாட்டிலோ சராசரி 17 இலட்சத்திற்கும் மேல். அவ்வாண்டு அவர்கள் நாட்டில் வாக்களித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர். நம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 70 பேர். இங்ஙனமாக, அரசியல் கற்க இங்கிருந்து அங்குச் செல்லுதல், கடற்கரையில் வாழ்பவன் மீனைப்பற்றி அறியக் குளக்கரைக்குச் செல்லுதலை ஒக்கும் எனின், அதில் தவறென்னை?

இவ்வாதம் வலிமை வாய்ந்ததே. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. கடற்கரையில் வாழ்பவன் கடலைக் காண்பதில்லை. அதன்மேல் தொழில் செய்கின்றான். கண்ணுக்கு மிக அணித்தாகப் பிடித்த புத்தகத்தில் எழுத்துத் தோன்றாது. சிறிது தொலைவிற் பிடித்தாலன்றிப் படிக்க இயலாது. பிற நூல்களில் ஆராய்வோனும் ஆராயப்படும் பொருளும் வேறு வேறு. அரசியல் நூலிலோ ஆராய்வோனும் அப்பொருளுக்குள்ளேயே வாழ்கின்றான். அதனாற் பயன் பெறுகின்றான், அல்லது துன்புறுகின்றான். ஆகவே அந்நூல் கற்பானுக்கு நுண்ணோக்கியினும் இன்றியமையாத கருவி ஒன்று உண்டு. அது தொலைவு என்பது.

அரசியல் நூலின் தந்தை எனப்படும் அரிஸ்டாட்டிலின் வரலாறே இதற்குச் சான்று. அவர் ஏதென்ஸ் நகரத்தவர் அல்லர்; வடக்கே ஸ்டாகிரா என்னும் ஊரிற் பிறந்தவர். கி.மு. 367-இல் தம் பதினேழாம் வயதிற் கல்வி கருதி ஏதென்ஸுக்கு வந்து, பிளேட்டோவின் கழகத்தில் இருபது யாண்டுகள் தங்கினர். அந்நகர ஆட்சியைத் துருவி ஆராய்ந்த அப்பெரியார்க்கு அந்நகர மன்றத்தில் வாக்குரிமை இல்லை; நிலம் வாங்கும் உரிமையும் இல்லை. அவர்தம் கழகத்தார் 158 அரசுகளின் அமைப்பு முறைகளைத் திரட்டினர் என்ப. எல்லாவற்றையும் ஒப்பவைத்து நோக்கும் அப்பார்வை, எந்த ஓர் ஊரையும் தமக்கே உரியதெனக் கொள்ள இயலாத நிலையினின்று பிறந்தது போலும்! நம் நண்பர் கற்கும் பாடத்தைத் தோற்றுவித்தவரே அயலூர் மாணவர் என்றால், அயல் செல்லுதல் அப்பாடத்திற்குப் புறம்பாதல் எங்ஙனம்?

பண்டைக் கதை நமக்கு எற்றுக்கு என்பார்க்கு, நம் நாட்டுச் சான்றொன்று காட்டுவோம். 1913-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், இருபத்திரண்டு வயதினராகிய பீமராவ் அம்பேத்கர் நியூயார்க் நகரில் இறங்கினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்குவாட் திங்கள்தோறும் 11½ பவுன் வீதம் மூன்று யாண்டிற்கு உதவிப்பணம் அளித்தனர். கல்வி முடிந்தபின் பரோடா அரசிற் பணியாற்ற வேண்டும் என்பது கட்டுப்பாடு. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பொருளியலிற் கேட்ட பாடத்தொகுதிகள் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4 என்றும், அரசியல் எனப் பெயர் பூண்டவை மூன்றே என்றும் கூறுவர். பின்னாளில் ஒரு பெருநாட்டின் அரசியற் சட்டத்தை வரைந்த குழுவிற்குத் தலைவராகியவர், அரசியலை அப்பெயருடைய வகுப்பில் மட்டும் தேடவில்லை என்பது நம் மாணவர் உளங்கொளத் தக்கது.

1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், கோல்டன்வைசர் என்னும் மானிடவியற் பேராசிரியரின் ஆய்வு வகுப்பில் அவர் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவிற் சாதிகள் எங்ஙனம் தோன்றி, எவ்வகையால் இயங்கி, எங்ஙனம் பரவின என்பதே அதன் பொருள். சாதியின் உயிர்நிலை அகமண முறையே என்பது அவர் நாட்டிய முடிபு. எண்ணிப் பாருங்கள்! சாதியால் விளையும் துன்பத்தை அவர் நியூயார்க்கிற் சென்று அறிந்தவர் அல்லர். இளம்பருவத்திற் பள்ளியிலும், தண்ணீர்க் குடத்தருகிலும், வண்டிப் பயணத்திலும் உடலால் அறிந்தவர். அவர்க்கு அங்குக் கிடைத்தது வேறு. சாதியாற் பயன் பெறாதவரும் அதனால் துன்புறாதவரும் ஆகிய மாணவர் சூழ்ந்த மேசையொன்றன்மேல் அதனை ஓர் ஆய்வுப்பொருளாக எடுத்துவைக்கும் இடம் கிடைத்தது. பட்ட துன்பம் அறிவாக மாறுதற்கு இடைவெளி வேண்டும். அவ்விடைவெளியே அயல்நாட்டுக் கல்வி தரும் பெருங்கொடை.

அக்கொடைக்கு விலையும் உண்டு. 1917-இல் உதவிப்பணம் முடிவுற, இலண்டனிற் படிப்பை இடையே நிறுத்தி, கட்டுப்பாட்டின்படி பரோடாவிற்குப் பணியாற்றச் சென்றனர். அயல்நாட்டு வாழ்வு, தாம் தீண்டத்தகாதவராகக் கருதப்படுபவர் என்னும் நினைவையே தம் உள்ளத்தினின்று துடைத்துவிட்டது என அவரே பின்னாளில் எழுதியுள்ளார். அந்நினைவைப் பரோடா மீட்டுத் தந்தது. தங்குதற்கு அறை கிடைக்கவில்லை. பார்சியர் விடுதியொன்றில் மாற்றுப் பெயருடன் தங்கினர். பதினோராம் நாள் தடிகளுடன் வந்தோர் அவரை வெளியேறச் செய்தனர். இரு பல்கலைக்கழகங்களிற் பயின்ற அறிஞர் பூங்காவில் மரத்தடியில் அமர்ந்திருந்து, அன்றிரவே பம்பாய்க்கு இரயில் ஏறினர். பின்னர்த் தாம் ஈட்டிய பொருளும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும், நண்பர் ஒருவரிடம் பெற்ற கடனும் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றனர். அயல்நாடு அவர்க்குத் தந்த தொலைவு இல்லையேல் பரோடா ஓர் அவமதிப்பாக மட்டும் முடிந்திருக்கும். தொலைவு இருந்தமையின் அது ஒரு கேள்வியாயிற்று.

இதனால், அயல்நாடு நீதியின் உறைவிடம் என யாம் கூறுவதாக எவரும் கருதற்க. அம்பேத்கர் நியூயார்க்கில் இறங்கிய அதே 1913-ஆம் ஆண்டிலேதான், அமெரிக்கக் கூட்டரசின் அலுவலகங்களிற் கறுப்பின ஊழியரை வெள்ளையரினின்று பிரித்து வைக்கும் முறை விரிவாக்கப்பட்டது. அவ்வாட்சியின் தலைவர் உட்ரோ வில்சன் யார் எனின், அரசியற் பாடத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அப்பாடத்தைக் கற்பித்த பேராசிரியர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராய் இருந்தவர். அரசியல் நூலைக் கற்றமையாலேயே ஒருவன் நடுநிலையாளன் ஆகான் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. தன் நாட்டின் மாசை மட்டும் கண்டு, தங்கிய நாட்டின் மாசைக் காணாது திரும்புபவன் பாதியே கற்றவன். அம்பேத்கர் இரண்டையும் கண்டார். 1946-இல் கறுப்பின மக்களின் தலைவராகிய டூ பாய்ஸ் அவர்கட்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருத்தலைச் சுட்டினார்.

இவ்விடத்தே நம் காலத்துச் செய்தி ஒன்றைச் சொல்லாது செல்லுதல் இயலாது. தாழ்த்தப்பட்ட வகுப்பினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோரின் மக்கள் அயல்நாட்டில் உயர்கல்வி பெறுதற்பொருட்டு, 1954-55 முதல் இந்திய அரசு ஓர் உதவித்தொகைத் திட்டத்தை நடத்தி வருகின்றது. மிக நல்ல திட்டம்; ஆண்டிற்கு 125 இடங்கள். ஆனால் 2022-ஆம் ஆண்டின் விதிகளில் ஒரு புதுத்தடை புகுத்தப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பொருளாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகியவற்றிற்கு அவ்வுதவித்தொகை கிடையாது என்பதே அத்தடை. இவற்றைக் கற்க அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை, வேண்டிய ஆதாரங்கள் இங்கேயே உள என்பது சொல்லப்பட்ட காரணம்.

டீக்கடையிலேயே அரசியல் கிடைக்கின்றது என்று நண்பரின் தந்தையார் கூறிய அதே வாதம் அன்றோ இது? தந்தையார் தம் வீட்டை ஈடு வைப்பவர். அங்ஙனம் கேட்க அவர்க்கு உரிமை உண்டு. அரசு அங்ஙனம் கூறலாமோ? ஆதாரங்கள் இங்கு உள என்பது உண்மை. ஆதாரங்கள் 1916-லும் இங்கேதான் இருந்தன. இல்லாதிருந்தது அவற்றை அச்சமின்றி நோக்கும் இடமே. அவ்விதி அன்று இருந்திருப்பின், கோல்டன்வைசர் வகுப்பில் படிக்கப்பட்ட அக்கட்டுரையின் பொருளை ஆய்வுப்பொருளாகக் கொண்ட மாணவர்க்கு உதவிப்பணம் மறுக்கப்பட்டிருக்கும். அத்திட்டம் எம்மக்களுக்கென வகுக்கப்பட்டதோ, அம்மக்களே தம் வாழ்வைப்பற்றி அயலில் நின்று ஆராய்தலாகாது என்பது எவ்வகை நீதி? பிற வகுப்புச் செல்வரின் மக்கள் தம் பொருளைக் கொண்டு சென்று எம்மையும் உம்மையும் பற்றி ஆராய்வர். ஆராயப்படுவோர் மட்டும் ஆராய்வோர் ஆதல் கூடாது போலும்! அத்தடை நீக்கற்பாலது என்பது எம் துணிபு.

இனி, எம்போன்ற இலக்கிய மாணவர்க்கு ஊக்கமளிக்கும் ஒரு சான்று. கேரள நாட்டில் உழவூர் என்னும் சிற்றூரில் ஏழைக் குடியிற் பிறந்த கே. ஆர். நாராயணன், 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் முதல்வராகத் தேறினர். 1945-இல் டாட்டா உதவித்தொகை பெற்று, இலண்டன் பொருளியற் பள்ளியில் ஹரால்டு லாஸ்கி என்னும் பேராசிரியரிடம் அரசியல் கற்றனர். 1948-இல் லாஸ்கி நேரு அவர்கட்கு எழுதிய அறிமுகக் கடிதத்துடன் நாடு திரும்பி, 1949-இல் வெளியுறவுப் பணியிற் சேர்ந்தனர். அவரே 1997-இல் இந்தியக் குடியரசின் தலைவராயினர். இலக்கியம் கற்ற உள்ளமும் அரசியல் கற்ற அறிவும் ஒருங்கு அமைந்தமை அவர்தம் சிறப்பு. செய்யுளில் சொல்லாது விட்டதைக் கேட்கப் பழகிய செவி, அரசியற் பேச்சிலும் அதனைக் கேட்கும் அன்றோ?

பெரியோர் வரலாறு ஒருபுறம் இருக்க, எம்மை ஒத்த ஒருவரின் அனுபவத்தையும் கூறுவோம். எம் கல்லூரியிற் பயின்று 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்து சென்ற மூத்தவர் ஒருவர் ஓர் ஆண்டு முதுகலை அரசியற் கல்வி முடித்தவர். அவர் எமக்கு எழுதிய நெடிய மடலில் இரு செய்திகள் எம் நெஞ்சைவிட்டு அகலாதன.

முதலாவது வாக்குரிமை பற்றியது. 2024 ஏப்ரல் 19-ஆம் நாள் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. பட்டியலில் அவர் பெயர் இருந்தது, அவர் இல்லை. அயல்நாட்டிலுள்ள இந்தியக் குடிமகன் வாக்களிக்க வேண்டுமாயின் தன் ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வருதல் வேண்டும் என்பது நம் சட்டம். அயல்நாட்டு வாக்காளராகப் பதிந்திருந்தோர் ஏறத்தாழ 1,19,000 பேருள் அத்தேர்தலில் வந்து வாக்களித்தோர் 3,000-க்கும் குறைவு. ஆனால் அதே ஆண்டு சூலை 4-ஆம் நாள் ஐக்கிய இராச்சியத்தின் பொதுத்தேர்தலில் அவர் வாக்களித்தனர்! காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறைப்படி அங்குத் தங்கியிருப்பாராயின் வாக்குரிமை உடையர் என்பது அவர்கள் சட்டம். தேவாலயத்தை அடுத்த ஒரு கூடத்தில், இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டி, ஒரு தாளைப் பெற்று, பென்சிலாற் குறியிட்டுப் பெட்டியில் இட்டனர். எந்திரம் இல்லை, விரலில் மையும் இல்லை. வெளியே வந்து தம் விரலைப் பலமுறை நோக்கியதாக எழுதியுள்ளார். பிறந்த நாட்டில் வாக்களிக்க இயலாது, வந்த நாட்டில் வாக்களித்த அவ்வோராண்டில், குடியுரிமை என்பது யாது என்னும் பாடத்தை எந்நூலும் கற்பியாத அளவிற்குத் தாம் கற்றதாகக் கூறுகின்றார்.

இரண்டாவது செய்தி எமக்கும் உரியது. ஆய்வு வகுப்பில் அயல்நாட்டு மாணவி ஒருத்தி, “உங்கள் ஊரில் கிறித்தவர்க்குள்ளும் சாதி உண்டோ?” என வினவினாள். “இல்லை” என விரைந்து விடை கூற வாயெடுத்தவர்க்கு, தம் ஊரின் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் நினைவிற்கு வந்தன. சிறுவயது முதல் அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள பாதையில் மிதிவண்டியில் பள்ளி சென்றவர் அவர். அவை ஏன் இரண்டு என்று ஒருநாளும் கேட்டவர் அல்லர். அன்று அவ்வகுப்பில் அவர் விடை கூறவில்லை. அறைக்குத் திரும்பித் தாயார்க்குத் தொலைபேசியிற் கேட்டனர். தாயாரும் சிறிது நேரம் பேசாதிருந்து, “அது அப்படித்தான்யா” என்றனராம்.

இதனைப் படித்த அன்று எமக்கு உறக்கம் வரவில்லை. எம் ஊரிலும் இரண்டு உண்டு. யாமும் கேட்டதில்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒருத்தி கேட்ட கேள்வி, எம் ஊர்ப் பாதையை எமக்குக் காட்டிற்று. தந்தையார் கேட்டாரே, அரசியல் கற்கச் சீமைக்குப் போகவேண்டுமோ என்று. அவர்க்கு யாம் கூறும் விடை இம்மடலில் உள்ளது. அங்கே போவது அவர்கள் அரசியலைக் கற்றற்கு மட்டும் அன்று. நம் ஊரை முதன்முறை காண்டற்கு.

ஆயினும், கடல் கடந்த ஒவ்வொருவரும் இப்பயனைப் பெறுவர் எனக் கூறோம். நகர்தோறும் முகவர் நிலையங்கள் மலிந்துள்ளன. எப்பாடமாயினும் ஆகுக, எந்நாடாயினும் ஆகுக, இடம் வாங்கித் தருவோம் என அவை அழைக்கின்றன. ஓராண்டுப் படிப்பில் முதற்பருவம் குளிருக்கும் ஊருக்கும் பழகுவதற்குள் கழிந்துவிடும். வகுப்புக் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம் என்பது அங்குள்ள விதி. அவ்வேலையின் அயர்ச்சியிற் புத்தகம் பின்தங்கும். மேலும், அரசியற் பட்டம் உடனே சம்பளமாக மாறுவதன்று; கடனோ திங்கள்தோறும் வட்டியாக வளர்வது. கேள்வியொன்றும் இன்றிச் சென்றவன், சில நகரங்களின் படங்களும் ஒரு பட்டத்தாளும் கொண்டு திரும்புவன். அவன் தந்தையார் டீக்கடையைப்பற்றிக் கூறியது அவனளவில் மெய்யாகும்.

ஆகவே செல்ல விரும்பும் அன்பர்க்கு எம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, செல்லுமுன் நும் ஊரைச் சிறிதேனும் கற்க. தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டிற்கு ஆறு என 2022-இல் உயர்த்தப்பட்டன. அரசியற் பாடத்தில் முதன்மை பெற்றோருள்ளும் அவற்றுள் ஒன்றையேனும் கண்டவர் எத்துணையர்? இரண்டாவது, ஒரு கேள்வியை உடன் கொண்டு செல்க. கேள்வி பெரிதாயிருத்தல் வேண்டா, நும்முடையதாயிருத்தல் வேண்டும். மூன்றாவது, கண்டதைத் தமிழில் எழுதுக. அயலிற் கற்றோர் பலர் தாம் கற்றதை அயல்மொழியிலேயே வைத்துவிடுதலின், அவர்தம் தாயாரும் அதனை அறியார். இம்மலரின் பக்கங்கள் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் திறந்தே உள்ளன. இலண்டனிலும் டொராண்டோவிலும் மெல்போர்னிலும் வாழும் அண்ணன்மாரே, அக்காமாரே, ஆண்டிற்கு ஒரு மடல் எழுதுதல் அரிதோ?

கடல் கடக்க இயலாதாரும் வருந்த வேண்டா. அயல் என்பது கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை. தெருவின் மறுமுனை பலர்க்கு இலண்டனினும் சேய்மையது; அங்குச் சென்று ஒருநாள் அமர்ந்து கேட்பவனும் அயல்நாட்டில் அரசியல் கற்றவனே. எம்மால் இலண்டன் செல்ல இயலாது. எம் ஊரின் மற்றைக் கல்லறைத் தோட்டம் வரை செல்ல இயலும். இவ்விடுமுறையிற் சென்று வந்தோம். அங்கு யாம் கண்டதை எழுதும் துணிவு இன்னும் வரவில்லை; வரும்போது எழுதுவோம்.

வழக்கின் முடிவு யாதாயிற்று எனில் கூறுவோம். நண்பர் தம் கேள்வியைக் கண்டுகொண்டார். முன்னொருமுறை அவர் கண்ட கிராம சபையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவியாகிய அம்மையார் கையொப்பமிட்டு ஒதுங்கி நிற்க, அவர்தம் கணவர் நாற்காலியில் அமர்ந்து விடைகள் கூறினராம். சட்டம் ஒருவர்க்குத் தந்த இருக்கையிற் பிறரொருவர் அமர்வது எங்ஙனம் என்பதே கேள்வி. அதனைத் தந்தையார்க்கு விளக்கினர். அவர் பொறுமையுடன் கேட்டு, ஈடு வைக்க இசைந்தனர். பின்னர், முதல் நாள் கேட்க எண்ணியும் கேளாது விட்ட வினாவை மெல்லக் கேட்டனராம்: “படிப்பு முடிந்தால் திரும்பி வருவாய்தானே, ஐயா?”

அரசியலைப்பற்றியது அன்று அவர்தம் ஐயம் என்பதை அப்போதே யாம் உணர்ந்தோம். அவ்வினாவிற்கு விடை கூற எமக்கு உரிமை இல்லை. அது தந்தைக்கும் மகனுக்கும் இடையேயுள்ளது. தொல்காப்பியனார் வகுத்த மூன்று யாண்டு எல்லையை மட்டும் நண்பர்க்கு நினைவூட்டி, வழியனுப்பினோம்.